முப்பந்தல் காற்றும் முப்பது வருஷத்து மெஷின்களும்

என் முதல் வேலை கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில், கரண்ட் எடுக்கும் 250 கிலோவாட் காத்தாடிகளுக்கு, அதாவது காற்றாலைகளுக்கு, மெயின்டனன்ஸ். டவருக்குள் இருக்கும் இரும்பு ஏணியில் இடுப்பு பெல்ட்டோடு ஏறி, மேலே கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் இருக்கும் கூண்டான நாசெல்லுக்குள் தலையை நீட்டியதும் முதலில் வருவது சூடான கியர் ஆயில் வாசனை. ஆடி மாசம் அந்த மூடியைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் கத்துவது காதில் விழாது, கையில் இருக்கும் ஸ்பானரைக் கயிறு கட்டாமல் வைக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வரும் இடம் அது. நாட்டிலேயே காற்றுக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. அங்கே இன்னும் அந்தக் காலத்துச் சின்ன மெஷின்கள் நின்றுகொண்டிருப்பதுதான் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்காகும். ரெக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் அது பிடிக்கும் காற்று நான்கு மடங்கு. நான் ஏறிய மெஷினின் விட்டம் சுமார் 30 மீட்டர். இன்றைய 3 மெகாவாட் மெஷினுக்கு 140 மீட்டருக்கும் மேல், டவரும் பல மடங்கு உயரம், மேலே போகப்போகக் காற்றும் வேகம். பன்னிரண்டு பழைய மெஷின்களின் திறன் ஒரே டவரில் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஏன் மாற்றவில்லை?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் புரிய, ரெக்கை செய்யும் தொழிற்சாலையில் சில வருஷம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, இடையில் பால்சா மரப் பலகை வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பசையை, உள்ளே விடுவோம். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால் போச்சு, பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அதனால் ரெசின் விடுவதற்கு முன்னால் உள்ளங்கையால் துணியைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்போம். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாலும் இழைத் தூசி ராத்திரி முழுக்க அரிக்கும். இந்தக் கைப்பழக்கம் ஒரு மாசத்தில் வருவதில்லை.

2017-ல் அந்த ஷெட் மெல்லக் காலியானது. அதுவரை காற்றாலை மின்சாரத்துக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு ஒரு விலை நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் அது 4 ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் மத்திய அரசு, குறைந்த விலை கேட்பவருக்கே ஆர்டர் என்ற ஏலத்துக்கு மாறியது, முதல் ஏலத்திலேயே விலை 3 ரூபாய் 46 காசு, வருஷக் கடைசியில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. மின்சாரம் மலிவானது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பழைய முறையை நிறுத்திய அன்றைக்குப் புது முறையில் ஆர்டர் தயாராக இல்லை. 2016-17ல் நாடு முழுக்க 5,500 மெகாவாட் நிறுவினார்கள், அடுத்த வருஷம் 1,800-ஐக்கூடத் தொடவில்லை. எங்கள் ஷிஃப்டில் துணி தடவிய பையன்களில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். முதலில் போனதும் அவர்கள்தான். ஒருவர் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய கைக்குத் தெரிந்த வேலை யாருக்கும் பயன்படாமல் போய்விட்டது.

இப்போது முப்பந்தலுக்கே திரும்ப வருகிறேன். அங்கே மெஷின் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில்காரர்கள். மில் வருஷம் முழுக்க ஓடும், காற்றோ வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆகவே சீசனில் கிடைப்பதை மின்வாரியத்தில் வரவு வைத்து, தை மாசியில் எடுத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பேங்கிங். நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துச் சாப்பிடுகிற கணக்கு. வாரியத்துக்கும் இதில் கஷ்டம் உண்டு: வேண்டாத நேரத்தில் வாங்கிக்கொண்டு, தட்டுப்பாட்டில் திருப்பித் தர வேண்டும். அதனால் ஒரு காலத்தில் 5 சதவீதமாக இருந்த பேங்கிங் கட்டணம் 2018 ஆணையில் 14 ஆனது. அதே ஆணை பேங்கிங்கில் பழைய மெஷின்களுக்கு ஒரு விதி, புது மெஷின்களுக்கு வேறு விதி என்று பிரித்தது. வழக்குகளும் நடந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு மில்காரர், வயசானவர், போன சீசனில் என்னிடம் சொன்னார்: "தம்பி, புது மெஷின் போட எனக்கும் ஆசைதான். ஆனா போட்டா என் பழைய பேங்கிங் அப்படியே இருக்கும்னு எழுதிக் குடுக்கச் சொல்லு." கடனெல்லாம் அடைத்துவிட்ட மெஷின், மாசாமாசம் ஏதோ கொடுக்கிறது, அதை எடுத்துவிட்டுக் கோடிக்கணக்கில் முதல் போட்டுக் கடைசியில் விதி மாறிவிட்டால்? அவர் கேட்பது நியாயம்.

2024 ஆகஸ்டில் மாநில அரசு பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. வரவேண்டியதுதான், தாமதமாகவே வந்தது. ஆனால் அதில் மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் மேம்பாட்டுக் கட்டணம் என்று இருந்ததைப் படித்ததும் எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அப்புறம் நிலம். பழைய மெஷின்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பெரிய மெஷினுக்கு இடைவெளி அதிகம் வேண்டும் என்பதால் நான்கைந்து உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு டவர் போட்டால்தான் சரிவரும். யார் நிலத்தில் டவர், யாருக்கு எத்தனை யூனிட் என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசி ஒத்துப்போக, மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அரசே தயாரித்துக் கொடுத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இப்போதைக்கு அவரவர் வக்கீலைத் தேடி ஓட வேண்டும்.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியமே 55 கிலோவாட் மெஷின்கள் பத்தை நட்டு "காற்றில் கரண்ட் வரும்" என்று காட்டியது. தனியார் பணம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இப்போதும் அதையே கேட்கிறேன். கணவாயில் பத்து உரிமையாளர்களைச் சேர்த்து, பழைய பேங்கிங் யூனிட்டுகளைக் குறையாமல் எழுத்தில் கொடுத்து, கட்டணத்தை மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு தவணையில் வாங்கிக்கொண்டு, வாரியமே முன்னின்று ஒரு இடத்தை மாற்றிக் காட்டட்டும். அந்த ரெக்கைகள் சென்னையில் செய்தவையாக இருந்தால் டிரெய்லரில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்துவிடலாம். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு காவல்கிணறு முக்கில் வந்து நிற்பேன்.