தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஒரு பறவை நடை

இமயமலையில் பறவை பார்க்கச் செல்கிறவர்களில் பலர் வண்டி போகும் சாலைகளையே நம்பியிருக்கிறார்கள். ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்த்து, மீண்டும் ஏறிச் செல்லும் அந்த முறையில் பறவைப் பட்டியல் விரைவாக நீளும் என்பது உண்மைதான். ஆனால், பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆற்றிலிருந்து மேலே உள்ள புல்வெளி வரை கால்நடையாக ஏறும்போதுதான், உயரம் கூடக் கூடக் காடும், காட்டோடு சேர்ந்து பறவைகளும் எப்படி மாறுகின்றன என்பது நன்றாக விளங்குகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள், தீர்த்தன் ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதையில் நாங்கள் மேற்கொண்ட நடைப்பயணத்தைப் பற்றி எழுத இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம், அந்த மலையைச் செவியாலேயே அறிந்து வைத்திருந்த எங்கள் வழிகாட்டி.

இந்தப் பூங்காவுக்கான இறுதி அறிவிக்கை 1999இல் வெளியானது. 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோவின் குறிப்பு இங்கே 209 பறவை இனங்கள் இருப்பதாகக் கூறுகிறது. சாய் ரோபாவில் அனுமதிச் சீட்டு பெற்றுக்கொண்டு, குஷைனி கிராமத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் ரோல்லா என்ற இடத்தை மாலைக்குள் அடைந்துவிடலாம். அங்கிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷில்ட் வரை கடுமையான ஏற்றம். அதற்கும் மேலே ரக்குண்டி என்னும் முகடு இருக்கிறது.

ஆற்றோரப் பாதையை விரைவாகக் கடந்துவிட வேண்டும் என்றுதான் மலையேறுகிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் வழிகாட்டியோ அங்கேதான் எங்களை மிக மெதுவாக நடக்க வைத்தார். நுரைத்து ஓடும் நீரின் நடுவே பாறைக்குப் பாறை தாவும் வெள்ளைத் தொப்பி ரெட்ஸ்டார்ட்டும், ஈய நிற உடலும் செம்பழுப்பு வாலும் கொண்ட அதன் உறவுப் பறவையும் அடிக்கடி தென்பட்டன. பழுப்பு டிப்பர் என்னும் பறவைக்காக மட்டும் வெகுநேரம் காத்திருந்தோம். பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தும், அது பனி உருகி வரும் நீருக்குள் மூழ்கி, ஆற்றின் அடித்தரையில் கற்களுக்கிடையே பூச்சிப் புழுக்களைத் தேடி எடுக்கிறது. இத்தகைய பறவைகளுக்குத் தடையின்றி வேகமாக ஓடும் நீர் வேண்டும். பக்கத்திலுள்ள சைஞ்ச் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டங்கள் வந்துவிட்டன. தீர்த்தனில் வரவிருந்த திட்டங்களோ, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் முன்னின்று நடத்திய மக்கள் போராட்டத்தால் கைவிடப்பட்டன. அந்த ஆற்றங்கரையில் நிற்கிற எந்தப் பறவையாளரும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர் என்றே நான் கருதுகிறேன்.

ரோல்லாவிலிருந்து ஏறத் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து சென்ற எங்களுக்கு மட்டுமே உரிய ஒரு மகிழ்ச்சி வாய்த்தது. குளிர்காலத்தில் வால்பாறையிலும் நீலகிரிச் சோலைகளிலும் நாம் காணும் சில சிறு பறவைகள் மேற்கு இமயத்தில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. நம் சோலைகளின் அடர்ந்த கீழ்த்தளத்தில் ஏறக்குறைய ஊமையாகவே திரிகிற இந்திய நீல ராபின், இங்கே ஓக் மரங்களுக்குக் கீழே இருந்த புதரிலிருந்து நீண்டு எழும் சீழ்க்கையோடு பாடியது. நம் ஊரில் கதிர்க்குருவிகளின் சிறு ஒலிகளுக்கிடையே பிரித்தறியப் பாடுபடும் மேற்கத்திய கொண்டைக் கதிர்க்குருவி, இங்கே மரத்துக்கு மரம் உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. நீலத்தலைப் பாறைப் பூங்குருவியின் ஆண் திறந்த கிளையொன்றில் அமர்ந்து தன் எல்லையை அறிவித்துக்கொண்டிருந்தது. பழக்கப்பட்ட பறவைகளின் வாழ்வில் நாம் அறியாத பாதியை இப்படி அவற்றின் சொந்த இடத்தில் காண்பதற்காக மட்டுமே கூட இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம்.

ஆயினும், இந்தப் பள்ளத்தாக்குக்குப் பறவையாளர்கள் வருவது முதன்மையாக ஃபெசன்ட் எனப்படும் மலைக்கோழிகளுக்காகவே. ஐந்து இனங்கள் இங்கே உண்டு. கீழ்க்காடுகளில் காலிஜ், செங்குத்தான புற்சரிவுகளில் சீர், ஊசியிலை மரங்களும் ஓக்கும் கலந்த காடுகளில் கோக்லாஸ், காட்டின் மேல் விளிம்பிலும் அதற்கு மேலுள்ள புல்வெளிகளிலும் மோனால். ஐந்தாவது, மேற்கத்திய டிராகோபான். மக்கள் அதை ஜுஜுரானா என்று அழைத்து, பறவைகளின் அரசனாகக் கருதுகிறார்கள். உலகத்துப் பறவைகள் எல்லாம் ஆளுக்கொரு இறகைக் கொடுத்ததால் அதற்கு அத்தனை நிறங்கள் வந்தன என்பது அங்கே வழங்கும் கதை. கரிய உடலெங்கும் வெண்புள்ளிகளும், கழுத்தில் செந்நிறமும் கொண்ட அந்த ஆண் பறவையைப் படத்தில் பார்த்தவர்களுக்கே அந்தக் கதையை நம்பத் தோன்றும். வடக்குப் பாகிஸ்தானிலிருந்து உத்தராகண்டின் மேற்குப் பகுதி வரையிலான குறுகிய மலைப்பட்டையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. முதிர்ந்த பறவைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டாது என்றே மதிப்பிடப்பட்டுள்ளது. 2007இல் மோனாலுக்குப் பதிலாக இமாச்சலத்தின் மாநிலப் பறவையாக அது அறிவிக்கப்பட்டது.

எங்கள் வழிகாட்டியின் தந்தை கோடையில் இதே புல்வெளிகளில் ஆடு மேய்த்தவர். 1999இல் பூங்காவுக்குள் மேய்ச்சல் உரிமையும் மூலிகை எடுக்கும் உரிமையும் முடிவுக்கு வந்தபோது, எல்லையோரக் கிராமங்களில் கசப்பும் எதிர்ப்பும் எழுந்தன. அந்தக் கசப்பு இன்னும் முழுவதும் தீரவில்லை என்பதை வழிகாட்டி மறைக்காமல் கூறினார். குச்சி எனப்படும் விலையுயர்ந்த காளானைத் தேடி மக்கள் காட்டுக்குள் செல்வது வசந்த காலத்தில். மலைக்கோழிகள் முட்டையிட்டு அடைகாப்பதும் அதே காலத்தில்தான். இரண்டு தரப்பின் தேவையையும் ஒருசேர அறிந்த ஒருவர் அதைச் சொல்லக் கேட்டபோது, காப்புப் பகுதிகளைப் பற்றி வெளியிலிருந்து பேசுகிற நாம் எவ்வளவு எளிதாகத் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம் என்று தோன்றியது. சிறுவயதில் ஆடுகளோடு சென்று கற்ற மலையறிவுதான் இன்று அவருக்கு வருமானம். அந்த வருமானம் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஷில்டில் தங்கியிருந்தபோது விடியலுக்கு வெகு முன்பே எங்களை எழுப்பி, ரிங்கால் மூங்கில் அடர்ந்த ஒரு சரிவின் விளிம்புக்கு அழைத்துச் சென்று, கைவிளக்குகளை அணைக்கச் சொன்னார். ஏப்ரல், மே மாதங்களின் அதிகாலையில் மலைக்கோழிகளின் ஆண் பறவைகள் கூவுவதை வைத்து அவற்றைக் கணக்கிடும் முறைதான் இங்கே நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகிறது. குறித்த இடங்களில் ஆட்கள் நின்று, எந்தத் திசையிலிருந்து எத்தனை குரல்கள் வருகின்றன என்று பதிவு செய்வார்கள். அவரும் அத்தகைய கணக்கெடுப்புகளில் பங்கேற்றவர். முதலில் கோக்லாஸின் கரகரத்த கூவல் பல இடங்களிலிருந்து எழுந்தது. பிறகு, நாங்கள் வெறும் காற்றொலி என்று எண்ணிய ஏதோ ஒன்றை அவர் கையுயர்த்திக் காட்டினார். தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டி கத்துவதைப் போன்ற நெடிய குரல், சீரான இடைவெளி விட்டு, எதிர்ச்சரிவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதுதான் டிராகோபான். சற்றுக் கழித்து, இன்னும் தொலைவிலிருந்து இரண்டாவது குரல் அதற்கு மறுமொழி கூறியது.

அந்த நேரத்தில் எங்கள் குழுவில் ஒருவர், கைப்பேசியில் டிராகோபானின் குரலை ஒலிக்கவிட்டால் பறவை வெளியே வருமே என்று கேட்டார். வழிகாட்டி உடனே மறுத்துவிட்டார். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைக்கும் பறவை, இணை சேர வேண்டிய காலத்தில், இல்லாத எதிரியைத் தேடி அலையும்; ஒவ்வொரு குழுவும் இதையே செய்தால் அந்தச் சரிவையே அது விட்டுப் போய்விடக்கூடும் என்பது அவருடைய விளக்கம். அவர் கூறியது முழுக்கச் சரி. ஒரு படத்துக்காக அரிய பறவையின் காலை நேரத்தைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. இதை மறுக்கும் துணிவில்லாத வழிகாட்டிகளைப் பணத்தால் உருவாக்குகிறவர்கள் நாமேதான். அன்று வெளிச்சம் வந்த பிறகு, சிவந்த முகமும் வெண்புள்ளிகளும் ஓர் ஓக் கிளையில் சில நொடிகள் தெரிந்ததாக என் தோழி உறுதியாகச் சொன்னாள். நான் பார்த்தது அசைந்த கிளையை மட்டும்.

மோனாலுக்கு அத்தகைய தயக்கம் எதுவும் இல்லை. ரக்குண்டிக்குச் செல்லும் வழியில், புல்வெளியில் கிழங்குகளுக்காக அலகால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த ஆண் ஒன்று, எங்களைக் கண்டதும் சீழ்க்கையடித்தபடி பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. குல்லுவின் ஆண்கள் அதன் கொண்டையைத் தொப்பியில் சூடுவதைப் பெருமையாகக் கருதிய காலம் உண்டு. 1982இல் மாநிலம் மோனால் வேட்டையைத் தடை செய்தது. முகட்டில் நின்றபோது, எலும்புகளைப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகு எங்கள் கண்மட்டத்துக்கும் கீழே மிதந்து சென்றது.

செல்ல விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். டிராகோபானின் குரலைக் கேட்க ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் பாதையைக் கெடுத்துவிடும். அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும். மோனாலை எளிதில் காணலாம், டிராகோபான் கூவாது. வெளியூர் நிறுவனங்களின் வழியாகச் செல்வதைவிட, பூங்காவை ஒட்டிய கிராமங்களைச் சேர்ந்த வழிகாட்டியையும் சுமைதூக்குவோரையும் நேரடியாக அமர்த்திக்கொள்ளுங்கள். அமர்த்தும்போதே, ஒலிப்பதிவு எதையும் பயன்படுத்தப் போவதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.