தேனுவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போன கதை

மூன்று வருடங்களுக்கு முன், இங்கே நியூஜெர்சியில் என் மகனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. மறுநாளே எழுந்து நடக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இவன் கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கெஞ்சிப் பார்த்தோம், ஐபேட் தருகிறோம் என்றோம், ஒன்றுக்கும் அசையவில்லை. மதியம் ஒரு கறுப்பு லாப்ரடாரோடு வாலண்டியர் அம்மா ஒருவர் வந்தார். நாயின் பட்டையில் இரண்டாவதாக ஒரு லீஷை மாட்டி இவன் கையில் கொடுத்து, "இவனை நடக்கக் கூட்டிப்போக எனக்கு உதவி செய்கிறாயா?" என்று கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினான். வராந்தாக் கோடி வரை போய்த் திரும்பினான். நான் அழுதபடி பின்னால் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் நாய் தேனுவும் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று அன்றே நினைத்துவிட்டேன். காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்தவள். யார் வந்தாலும் மடியில் தலையை வைத்துவிடுவாள். அது போதும் என்று நம்பியிருந்தேன்.

இப்படி நோயாளிகளுக்கு ஆறுதலாகப் போய்வரும் தெரபி நாய்களைச் சேர்க்கிற, 1977-ல் தொடங்கிய பெட் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பில் பதிவு செய்தோம். நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நம்மோடு வாழ்ந்திருக்க வேண்டும். பச்சை இறைச்சி கொடுக்கிற வழக்கம் இருந்தால் சேர்க்க மாட்டார்கள், கிருமி பரவும் என்பதால். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, நமக்கு ஆன்லைன் வகுப்பு எல்லாம் சீக்கிரம் முடிந்தன. (பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய் மாதிரி கடைக்கும் ஹோட்டலுக்கும் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. தெரபி நாய்க்கு அந்தச் சட்ட உரிமை இல்லை, அழைத்த இடத்துக்கு மட்டும்தான் போகலாம்.)

அப்புறம் தேர்வு. முன்பின் தெரியாதவர் வந்து முரட்டுத்தனமாகத் தடவுவார், இறுக்கிக் கட்டிப்பிடிப்பார். நாலைந்து பேர் சுற்றி நெருக்குவார்கள். பக்கத்திலேயே இரண்டு பேர் கோபமாகக் கத்துவார்கள். தேனு எல்லாவற்றையும் தாங்கினாள். ஆனாலும் "இன்னும் தயாராகவில்லை" என்று எழுதிவிட்டார்கள். தேனுவால் அல்ல, என்னால். கூட்டம் நெருக்கியபோது அவள் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாளாம். நான் தேர்வாளரையே பார்த்துக்கொண்டு, லீஷை இழுத்துப் பிடித்து நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் காரணத்தைக் கேட்டபோது மனசு கனத்துப்போனது. அடுத்த மூன்று மாதம் பழகியது முழுக்க நான்தான். நாக்கால் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணில் வெள்ளை தெரிவது, இதெல்லாம் "எனக்குப் போதும்" என்று நாய் சொல்கிற விதம். நான்கு வருடம் கூடவே இருந்தும் இதில் பாதியை நான் கவனித்ததே இல்லை. இரண்டாவது முறை தேர்வானோம்.

ஆஸ்பத்திரி தன் பங்குக்குக் காசநோய்ப் பரிசோதனை, ஃப்ளூ ஊசி, போலீஸ் பின்னணிச் சோதனை எல்லாம் கேட்டது. போகிற நாளுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, நகம் தேய்த்துவிட வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் குழந்தை கையைச் சானிடைசரால் துடைக்க வேண்டும். கட்டிலில் ஏற்றினால் கீழே புதிதாக ஒரு துப்பட்டி விரிக்க வேண்டும். தனிமைப்படுத்திய அறைகளுக்குள் நுழையவே கூடாது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்.

முதல் நாள் நான்கு அறைகளுக்குப் போனோம். ஒரு சிறுமி தொடவே இல்லை. தேனு தரையில் படுத்திருக்க, தனக்கு ஊசி போட்டு முடியும் வரை அந்தச் சிறுமி தேனுவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். லிஃப்ட் பக்கத்தில் தேனு கொட்டாவி விட்டாள், பிறகு உதட்டை நக்கினாள். இன்னும் ஒரு அறை பாக்கி. அங்கே ஒரு பையன் காலையிலிருந்து காத்திருக்கிறான் என்று நர்ஸ் சொன்னார். என் மகன் கம்பியைப் பிடித்திருந்த கைதான் கண்முன் வந்தது. இருந்தும், "இன்றைக்கு இவளால் முடியாது, மன்னியுங்கள்" என்று சொல்லி, தேனுவின் படம் போட்ட அட்டை ஒன்றை அவனுக்காகக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் உறுத்தியது.

அடுத்த வாரம் முதலில் அந்த அறைக்குத்தான் போனோம். வேறொரு குழந்தை இருந்தது. அந்தப் பையன் மூன்று நாளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டானாம். அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனானாம்.