குறுக்கே ஓடிய சிவப்பு எழுத்து

12 ஜூன் 2023, திங்கள்

காலை பத்தரைக்குத் திருப்பூரிலிருந்து போன். பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் தம்பி. நாங்கள் எழுதிக் கொடுத்த ‘ஸ்டாக்பேக்’ மென்பொருளின் புது வெர்ஷன் அங்கே ஓடுகிறது. “ஏனுங்ணா, பேக்கிங் லிஸ்ட்டுல குறுக்கால என்னமோ சிவப்பா வருதுங்க.” வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. கார்ட்டன் எண், சைஸ், பீஸ் கணக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றின் மேல் மூலைக்கு மூலை சாய்வாக ‘ட்ரையல் வெர்ஷன்’ என்று ஓடுகிறது. சரக்கு வாங்கும் பையருக்குப் போக வேண்டிய தாள் இது.

பழைய வெர்ஷனை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறாராம். இன்றைக்கு அதிலேயே பிரிண்ட் எடுக்கச் சொன்னேன்.

இந்தத் தாளை அச்சிடும் ரிப்போர்ட் கம்போனென்ட் (வேறொருவர் எழுதி, எங்கள் மென்பொருளுக்குள் நாங்கள் வைக்கும் துண்டு) நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் வருடாந்தரப் புதுப்பிப்பைப் போன மார்ச்சில் கட்டவில்லை. அதுதான் காரணமோ என்று வயிறு கலங்கி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். இல்லை. லைசென்ஸ் டெவலப்பர் தலைக்கு ஒன்று. புதுப்பிக்காவிட்டால் புது வெர்ஷன் கிடைக்காது, அவ்வளவுதான். செய்து முடித்த மென்பொருளை எத்தனை கஸ்டமருக்கும் தரலாம்.

13 ஜூன், செவ்வாய்

என் லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வரவே இல்லை. வராது. கம்போனென்ட்டை இன்ஸ்டால் செய்த மெஷினில் அதன் சாவி கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். கஸ்டமர் மெஷினில் அந்தச் சாவி கிடையாது. அங்கே கம்போனென்ட் லைசென்ஸ் கேட்டால் பதில் சொல்ல எக்ஸிக்குள்ளேயே, அதாவது கஸ்டமர் ஓட்டும் நிரல் ஃபைலுக்குள்ளேயே, ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

எங்கள் மென்பொருள் நிற்கும் மைக்ரோசாஃப்ட் அடித்தளமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் அந்தச் சீட்டு தயாராகும் விதம் இது: பிராஜெக்ட்டில் ‘லைசென்சஸ் டாட் லிக்ஸ்’ என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். லைசென்ஸ் தேவைப்படும் கன்ட்ரோல் (கம்போனென்ட்டின் பகுதி) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அது இருக்கும் அசெம்ப்ளி ஃபைலின் பெயர், வெர்ஷனோடு. பில்டு நடக்கும்போது, அதாவது நிரல் வரிகளை எக்ஸியாக்கும்போது, ‘எல்சி’ என்ற சிறு நிரல் அதைப் படித்து, அந்த மெஷினில் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டை எழுதி, எக்ஸிக்குள் ரிசோர்ஸாக (நிரலோடு ஒட்டிய தரவாக) செருகிவிடுகிறது.

நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமித்துவைக்கும் ‘கிட்’டில் (Git) இருக்கும் லிக்ஸ் ஃபைலைத் திறந்தேன். ஜீரோ பைட். காலி!

யார் காலி செய்தது என்று வரலாற்றைப் பார்த்தால், இரண்டு வருடம் முன் ஒரு கமிட் (பதிவுசெய்த மாற்றம்), செய்தி ‘பில்டு ஃபிக்ஸ்’. செய்தவன் அடியேன். பில்டு செய்வதற்கென்றே இருக்கும் சர்வரில் ‘எல்சி, கோட் மைனஸ் 1’ என்று பிழை வந்துகொண்டே இருந்தது. லிக்ஸைக் காலி செய்தால் போதும் என்று எங்கேயோ படித்துவிட்டுச் செய்திருக்கிறேன். பிழை போய்விட்டது, சீட்டும் கூடவே போய்விட்டது. இதுவரை தெரியாமல் இருந்ததற்குக் காரணம், கஸ்டமருக்கு அனுப்பும் எக்ஸியை என் லேப்டாப்பிலேயே பில்டு செய்துவந்தேன். திரை வடிவமைக்கும் டிசைனரைத் திறந்ததும், நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ அந்த வரிகளைத் தானே திரும்ப எழுதிவிடும். கமிட் செய்யும்போது அந்த ஃபைலை மட்டும் விட்டுவிடுவேன். சர்வரில் பில்டு செய்து அனுப்பிய முதல் ரிலீஸ் இதுதான்.

14 ஜூன், புதன்

பில்டு மெஷினில் கம்போனென்ட்டை நிறுவினால் இன்னொரு லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்று விற்றவர்களுக்கு மெயில் போட்டேன். வேண்டாம் என்று மதியமே பதில் வந்தது. (எல்லாரும் இப்படி இல்லை, கேட்டுவிடுவது நல்லது.) நிறுவினேன், லிக்ஸை நிரப்பினேன். முதல் பில்டு விழுந்தது: ஒரு வரியில் பழைய வெர்ஷன் எண். திருத்தியதும் ஓடியது.

இந்த முறை நம்பிக்கையில் அனுப்பவில்லை. எக்ஸியை, உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டும் ஐஎல்டாஸமில் திறந்து, மேனிஃபெஸ்ட் என்ற உள்ளடக்கப் பட்டியலில் ‘ஸ்டாக்பேக் டாட் எக்ஸி டாட் லைசென்சஸ்’ என்ற ரிசோர்ஸ் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். எதுவும் நிறுவாத விர்ச்சுவல் மெஷினிலும் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓட்டினேன். சுத்தமான தாள். அனுப்பினேன்.

சாயங்காலம் போன். “அப்படியேதானுங்ணா இருக்குது.”

16 ஜூன், வெள்ளி

நேற்று முழுக்க ஆராய்ந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. இன்று பஸ் ஏறிவிட்டேன்.

தம்பியின் மேசையில் உட்கார்ந்து டெஸ்க்டாப் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். டார்கெட்டில் ‘ஸ்டாக்பேக்_நியூ’ என்று இருந்தது. பழைய எக்ஸியும் அதே ஃபோல்டரில் இருப்பதால், மேலெழுதிவிடக் கூடாதென்று புதியதற்குப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை நம்மைக் காப்பாற்றிய அதே முன்ஜாக்கிரதை.

பழையதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, புதியதற்கு அதன் சொந்தப் பெயரையே வைத்தேன். பிரிண்ட் கொடுத்தேன். சிவப்பு இல்லை.

விஷயம் இதுதான்: லைசென்ஸ் தேடும் நிரல், ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸியின் ஃபைல் பெயரை எடுத்து, அதன் பின்னால் ‘டாட் லைசென்சஸ்’ சேர்த்து அந்தப் பெயரில் ரிசோர்ஸைத் தேடுகிறது. ஃபைலின் பெயரை மாற்றினாலும் உள்ளே செருகிய சீட்டின் பெயர் மாறாது. கதவு எண்ணை மாற்றி எழுதிவிட்டுத் தபால் வரவில்லை என்று காத்திருந்த கதை.

“நான் பண்ணினதுங்களா?” என்று தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. முதல் கோளாறு என்னுடையது என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

19 ஜூன், திங்கள்

இரண்டு வேலை முடித்தேன். பில்டு முடிந்ததும் எக்ஸிக்குள் அந்த ரிசோர்ஸ் இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்க்கும், இல்லையென்றால் பில்டையே விழவைக்கும். அப்புறம், மென்பொருள் தொடங்கும்போது தன் ஃபைல் பெயரைத் தானே சரிபார்க்கும், மாறியிருந்தால் தமிழிலேயே சொல்லிவிட்டு நின்றுவிடும்.

மதியம் திருப்பூர் போன். இரண்டாவது யூனிட்டுக்கும் ஒரு காப்பி வேண்டுமாம். “பேரு மாத்த மாட்டனுங்ணா, ஃபோல்டர் மட்டும் வேற வெச்சுக்கலாமுங்களா?”

வெச்சுக்கலாம்.