ஊசி போட்டால் மூச்சு வரும்

சவுகார்பேட்டைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஏறி வரும் வெள்ளைக் குதிரைகளில் ஒன்று, வியாசர்பாடியில் ரயில்வே சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும். நான் அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். நாளெல்லாம் நாய், பூனை, ஆடுதான். குதிரை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது குதிரைப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும்தான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குதிரை ராணிக்கு மூச்சிரைப்பு. மழைக்காலம் முடிந்து பூஞ்சை பிடித்த வைக்கோல், அதோடு பட்டாசுப் புகை. மூக்குத் துளை விரிந்து, விலாவுக்குக் கீழே வயிறு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மனிதர்களின் ஆஸ்துமாவுக்குச் சொந்தக்கார நோய். 300 கிலோ உடம்புக்கு 15 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டேன். மாலைக்குள் வயிறு அடங்கிவிட்டது. குதிரைக்கார பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராணி உசுரைக் காப்பாத்திட்டீங்க டாக்டரே” என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு நல்லதே செய்யவில்லை.

அப்புறம் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் ஒரு ஊசி. நான் இல்லாத நாளில் பாயே மெடிக்கல் ஷாப்பில் டெக்சா வாங்கிப் போட்டுக்கொள்வார். எனக்குத் தெரியும். சத்தம் போட்டேன், ஆனால் பெரிதாக மறிக்கவில்லை. குதிரை ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். ஸ்டீராய்டால் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்து குளம்பு கெட்டுவிடுமோ என்றுதான் பயந்தேன். போகும்போதெல்லாம் குளம்பைத் தொட்டுச் சூடு பார்ப்பேன். எலும்பைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ராணி கொள்ளை மெல்லாமல் வாயில் உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முன்கால் நொண்டும், மறுநாள் பின்கால். லாடம் அடிப்பவர் மேல் பழி போட்டோம், பாவம். ரத்தம் எடுத்தேன். குதிரைக்கென்று தனி லேப் பக்கத்தில் கிடையாது. மனிதர்கள் போகும் லேப்பில் கொடுத்தேன். கால்சியம் 12.1 என்று வந்தது. அதற்கு எதிரே கொட்டை எழுத்தில் ‘அதிகம்’. பாய்க்கு ஒரே நிம்மதி. “கால்சியம் ஜாஸ்தியாவே கீதே, எலும்பு ஸ்ட்ராங்குதானே?”

மனிதருக்குத்தான் அது அதிகம். குதிரைக்கு 11 முதல் 13 வரை சாதாரணம். அதைவிட முக்கியம், ரத்தத்தில் அளவு சரியாக இருப்பதால் எலும்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் கால்சியம் குறைய ஆரம்பித்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொட்டிவிடும். வீட்டில் ஒவ்வொரு பாத்திரமாக அடகு வைத்துவிட்டு வாடகையை மட்டும் ஒன்றாம் தேதியே கொடுப்பது மாதிரி.

டெக்சா இதில் எங்கே வருகிறது? பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் எப்போதும் வேலையில் இருக்கும். ஸ்டீராய்டு கட்டும் செல்களைத்தான் முதலில் முடக்கும். அவை சுரக்கும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம், டெக்சா போட்ட சில நாட்களிலேயே குதிரையின் ரத்தத்தில் குறைந்துவிடும். குடலில் கால்சியம் ஏறுவதும் குறையும், சிறுநீரில் போவது கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்றால், எலும்பின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் அதில் வித்தியாசமே தெரியும்.

அன்றைக்குத்தான் தீவனத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். முக்கால்வாசி அரிசித் தவிடு. ராணி ‘தெம்பாக’ இருக்கட்டும் என்று பாய் தாராளமாகப் போட்டிருக்கிறார். தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்குக் கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிடும். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவினேன். கன்ன எலும்பு வீங்கியிருந்தது. பெருந்தலை நோய். கரைந்த எலும்பின் இடத்தில் நார்த்திசு வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை முறை குளம்பைத் தொட்ட கை ஒருமுறைகூட முகத்தைத் தடவவில்லை.

தவிடு எவ்வளவு, என் ஊசி எவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியாது. முகம் வீங்கியது தவிட்டால்தான். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய கொத்தனார்களுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தது நான்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும். படிப்படியாகக் குறைத்தோம். தவிட்டை நிறுத்தி, கால்சியம் நிறைந்த குதிரை மசால் வாங்கச் சொன்னேன். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் தவிட்டைப் போடுகிறோம். வைக்கோலை நனைத்துப் போட்டால் தூசி மூக்குக்குள் போகாது. மூச்சிரைப்புக்கு உண்மையான வைத்தியம் அதுதான், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. சில மாதங்களில் நொண்டல் போய்விட்டது. முக வீக்கம் முழுதாக வற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பாய், “நல்ல ஜாதிக் குதிரைங்க, தலை அப்டிதான் இருக்கும்” என்று சமாளிக்கிறார்.

போன தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாய் போன் செய்தார். ஊசி கேட்கத்தான் என்று நினைத்து, மறுக்கத் தயாராகிப் பேசினேன்.

“ஊசி வேணாம் டாக்டரே. ரெண்டு நாளா தண்ணி லாரி வர்ல. வைக்கோலை எதுல நனைக்கிறது?”

கிளினிக்கில் எங்கள் மோட்டாரும் காலையிலிருந்து காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. இருந்த இரண்டு கேன் குடிதண்ணீரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.