ராணி ரூபாயும் பவுன் காசும்: போலியில் சிக்காமல் வாங்கும் வழி

விற்பவர் மேசையில் ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய் கிடக்கிறது. விலை கேட்பதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும்: இதை வெள்ளியாக வாங்குகிறோமா, காசாக வாங்குகிறோமா? வெள்ளியாக என்றால் அன்றைய கிராம் விலையும், உள்ளே இருக்கும் சுத்த வெள்ளியின் எடையும் தெரிந்தால் போதும். காசாக என்றால் ஆண்டு, அச்சடித்த நாணயச்சாலை, தேய்மானம் மூன்றும் சேர்ந்து விலையை ஏற்றும், இறக்கும். பணத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான். வெறும் வெள்ளிக்கு அரிய காசின் விலை கொடுத்தவர்கள் ஒரு வகை. பெயரில் மட்டும் வெள்ளி இருக்கும் ஜெர்மன் சில்வர் கலவைக்கு வெள்ளி விலை கொடுத்தவர்கள் இன்னொரு வகை.

முதலில் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள். 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. விட்டம் 30.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. நன்றாகப் புழங்கிய ரூபாய் 11.4, 11.5 கிராம் என்று காட்டுவது இயல்பு. முகம் பளிச்சென்று புதிதாக இருந்து எடை மட்டும் 11.2 என்றால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். தேயாத காசுக்கு எடை குறைய வழியில்லை.

1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை அதே 11.66 என்பதால் தராசு மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. சுத்த வெள்ளி 5.83 கிராம். சந்தையில் 1944, 1945 காசுகளையும் “பழைய வெள்ளி ரூபாய்” என்றே குவித்து வைத்து, ராணி காசின் விலையையே சொல்வார்கள். இது போலி இல்லை, ஆனாலும் நஷ்டம் பாதிக்குப் பாதி. 1947 ரூபாய் முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி நடந்து போகும், காந்தத்தில் ஒட்டும்.

சோதனைக்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் கைத்தராசு, டிஜிட்டல் காலிபர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன நியோடிமியம் காந்தம், தையல் நூல், ஒரு பிளாஸ்டிக் டம்ளர். தராசோடு 100 கிராம் சோதனை எடைக்கல்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிய தராசு 0.2 கிராம் தப்பாகக் காட்டினால், நல்ல காசைத் தள்ளிவிட்டுப் போலியை எடுத்து வருவோம்.

முதல் வேலை காந்தம். ஒட்டினால் வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் ஒட்டாது. வெள்ளிக் கட்டியைச் சாய்த்துப் பிடித்துக் காந்தத்தை மேலே விட்டால் அது மெதுவாக வழுக்கி இறங்கும் என்று சொல்வதும் உண்மைதான். ஆனால் செம்புக் கட்டியிலும் அப்படித்தான் இறங்கும். வெள்ளி முலாம் பூசிய செம்புக் கட்டியை இந்தச் சோதனையை நம்பி வாங்கிவிடக் கூடாது.

அடுத்து எடையும் அளவும். போலி செய்பவன் எடையை மட்டும் சரிசெய்ய வேண்டுமானால் காசைத் தடிமனாக்குவான். விட்டத்தையும் தடிமனையும் மட்டும் சரிசெய்தால் எடை குறையும். அசல் ரூபாயின் அளவிலேயே ஜெர்மன் சில்வரில் அடித்தால் 9.8 கிராம்தான் வரும். எடை, விட்டம், தடிமன் மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டுமானால் அவன் ஏறக்குறைய வெள்ளியையே போட்டாக வேண்டும். இந்த மூன்றையும் ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவதுதான் தண்ணீர்ச் சோதனை. வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு இணையாக வேறெதுவும் இல்லை என்பதால், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் காசின்மேல் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டால் குமிழ் ஒட்டுவது இன்னும் குறையும். டம்ளரில் முக்கால்வாசி ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன்பே காசைத் தனியாக உலர எடை போட்டு எழுதியிருக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் சுருக்கிட்டுக் கட்டி, முழுக்க மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலோ சுவரிலோ தொடக் கூடாது. தொட்டால் காசின் எடையே தராசில் ஏறிவிடும். கை நடுங்கினால் ஒரு குச்சியின் இரு முனைகளையும் புத்தக அடுக்குகள்மேல் வைத்து, அதிலிருந்து தொங்கவிடலாம்.

இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உதாரணமாக, உலர எடை 11.62, தண்ணீரில் 1.12. வகுத்தால் 10.37. 91.7 சதவீத வெள்ளிக்கு வர வேண்டியது 10.3 அளவில், ஆகவே சரி. அதே எடைக்கு 1.22 காட்டினால் விடை 9.5. இது 1940 முதல் வந்த பாதி வெள்ளிக் காசின் அடர்த்தி. 1.33 காட்டினால் 8.7. அது பித்தளை, ஜெர்மன் சில்வர் வகையறா.

இதற்கும் எல்லை உண்டு. தராசில் 0.01 கிராம் முன்பின் ஆனால் ரூபாய்க் காசில் விடை 0.1 அளவே நகரும், பாதகமில்லை. இரண்டணாவில் விலகும் தண்ணீரே 0.14 கிராம்தான். அங்கே அதே பிழை விடையை 9.7க்கும் 11.2க்கும் இடையே அலைக்கழிக்கும். சின்னக் காசுக்கு, குறிப்பாகப் பழைய பொற்பணங்களுக்கு, இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். கோக்க வளையம் பற்றவைத்த காசிலும், உள்ளே வெற்றிடம் இருக்கும் பொருளிலும் கணக்கு தப்பும். ஈயத்தோடு வெள்ளீயத்தை அளவாகக் கலந்தால் வெள்ளியின் அடர்த்தியைத் தொட்டுவிட முடியும். ஆனால் அந்தக் கலவை நகத்துக்கே கீறல் விழும் அளவு மென்மை. விரல் நுனியில் நிறுத்தித் தட்டினால் ‘டப்’ என்று அடங்கும், வெள்ளி ‘ணங்’கென்று நீண்டு ஒலிக்கும். ஓசை கெட்ட காசெல்லாம் போலியும் இல்லை. விரிசல் விட்டதும், மாலையில் கோக்கப் பற்றவைத்ததும் அடங்கித்தான் ஒலிக்கும்.

உலோகம் தேறியபின் லென்ஸை எடுங்கள். அசல் காசு அச்சுக்கு இடையில் அழுத்தி அடித்தது. எளிய போலி அச்சில் வார்த்தது. வார்த்த காசில் எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும், எழுத்தும் உருவமும் இல்லாத பரப்பில் ஊசி முனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரு பாதிகள் சேர்ந்த கோடோ, அதை அரம் போட்டுத் தேய்த்த தடமோ இருக்கும். விளிம்புப் பற்கள்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரு முகங்களுக்கும் படும் பாட்டைப் போலி செய்பவன் விளிம்புக்குப் படுவதில்லை. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே பள்ளம் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரே மூலக் காசிலிருந்து படியெடுத்தவை அவை.

பிறகு வரலாறு. விக்டோரியா ரூபாயில் 1876 வரை ‘ராணி’, 1877 முதல் ‘பேரரசி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். 1862 என்ற ஆண்டோடு ‘பேரரசி’ என்று கண்டால் வேறு சோதனையே வேண்டாம். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியில் இருந்த யானையின் துதிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. மிச்சமிருந்தவற்றை உருக்கினார்கள், 1912 முதல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். அதனால்தான் 1911க்குக் கூடுதல் விலை, அதனால்தான் 1917இன் 7ஐச் சுரண்டி 1 ஆக்கும் வேலையும். யானையைப் பாருங்கள். தெளிவான நீண்ட துதிக்கையோடு 1911 என்று இருந்தால் ஆண்டைத் திருத்தியிருக்கிறார்கள்.

1939 ரூபாய் அதைவிட அரிது. 1938இன் எட்டை ஒன்பதாக்கி விற்பது பழைய வித்தை. ஆண்டிலேயே இரண்டாவது இலக்கம் அசல் ஒன்பதுதான், கடைசி ஒன்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவும் வாலும் ஒத்துப்போக வேண்டும், இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடத்தைப்போலவே மின்ன வேண்டும். 1940 முதல் வந்த காசைத் திருத்தியிருந்தால் அடர்த்தி 9.5க்கு இறங்கிவிடும். இந்த ஆண்டுக் காசை நாணயவியல் தெரிந்த ஒருவர் பார்க்காமல், திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதிய ரசீதும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒருபக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கம் இருக்கும் செம்பு, பித்தளைக் காசுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. “அரிசியை இழுக்கும்” சக்தி உண்டென்று லட்சக்கணக்கில் விலை சொல்வது இவற்றைத்தான். இரும்புத்தூள் கலந்த அரிசியும் காந்தமும் செய்யும் வேலை அது. குடும்பங்கள் நிலத்தை விற்று ஏமாந்திருக்கின்றன. பழைய காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்கூட்டியே கமிஷனோ வரியோ கேட்டாலும் அது மோசடிதான். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லி அப்படிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி எச்சரித்தது.

இனி தங்கம். நம் ஊரில் ‘சவரன்’ என்றால் எட்டு கிராம் என்று ஆனதே இங்கிலாந்து சாவரின் காசிலிருந்துதான். அதன் எடை 7.99 கிராம், 22 காரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர், சுத்தத் தங்கம் 7.32 கிராம். இங்கே எடையும் காலிபருமே பெரும்பாலான போலியைப் பிடித்துவிடும். அதே அளவில் பித்தளையில் அடித்தால் நாலு கிராம்கூடத் தேறாது. தண்ணீர்ச் சோதனையில் 0.45 அளவு காட்ட வேண்டும், அடர்த்தி 17.5க்கும் 18க்கும் இடையே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சரியான தங்கத்திலேயே அடித்த போலி சாவரின்கள் இருக்கின்றன. உலோகத்துக்காக வாங்குபவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. 1918இல் பம்பாயில் அச்சடித்தது போன்ற ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் மாட்டிக்கொள்வார். ஆண்டு எண்ணுக்கு மேலே, தரையில் ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து, குதிரை வீரனின் வாள், டிராகனின் சிறகு எல்லாவற்றையும் லென்ஸில் அசல் படத்தோடு வைத்துப் பாருங்கள். காசுமாலையிலிருந்து கழற்றியதென்றால் விளிம்பில் பற்றாசுத் தடம் தேடுங்கள். அதற்கு உலோக விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நகைக்கடை மிஷினில் வைத்து டச், அதாவது உலோகத்தின் சுத்தம், பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கெட்டியாக முலாம் பூசியிருந்தால் 91.6 என்றே சொல்லும். அதனால் மிஷின் சீட்டும் அடர்த்தியும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். உரைகல்லில் தேய்ப்பதும் அமிலச் சொட்டு விடுவதும் நகைக்குச் சரி, சேகரிப்புக் காசில் அந்தத் தடமே விலையைக் குறைத்துவிடும்.

முதலீட்டுக்கென்று புதுத் தங்கக் காசு வாங்குவோருக்குச் சில வார்த்தை போதும். வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்குமேல் செய்கூலி. வங்கியில் வாங்கிய காசை அந்த வங்கி திரும்ப வாங்காது. சீல் வைத்த அட்டையும் போலியாக வருகிறது, ஆகவே அட்டையைவிட விற்பவரையும் ரசீதையும் பாருங்கள். நகையென்றால் 2023 ஏப்ரல் முதல் ஹெச்யுஐடி, அதாவது ஹால்மார்க்கில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஆறெழுத்து எண், இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் நகையின் வகையும் தரமும் வரும். கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது வளையல் என்றால் எண்ணைத் திருடிப் பொறித்திருக்கிறார்கள்.

நூறு வயது தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். வைத்திருக்கலாம், நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணில் தோண்டி எடுத்த புதையலென்று யாராவது விலை பேசினால், அசலாக இருந்தாலும் ஒதுங்குங்கள். அதைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது.

வாங்கிய காசை விபூதி, புளி, பற்பசை எதைப் போட்டும் துலக்க வேண்டாம். கருத்த பூச்சு அதன் வயதுக்குச் சாட்சி, துலக்கினால் அதோடு மேல் வெள்ளியும் போகும். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் சில வருடத்தில் பச்சையாகப் பிசுக்குப் பிடிக்கும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வெள்ளியைக் கருக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாகப் போட்டு, எடை, விட்டம், தண்ணீரில் காட்டிய எண், வாங்கிய தேதி, விலை எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பின்னால் பழுது பார்க்கவோ மதிப்பிடவோ யாரிடமாவது கொடுத்து வாங்கும்போது, கொடுத்த காசேதான் திரும்பி வந்திருக்கிறதா என்பதை அந்தச் சீட்டை வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.