சமாதானக் கடிதமும் அரிசி மூட்டையும்

பர்மாவில் ராணுவத்திடமிருந்து சமாதானக் கடிதம் வந்தால் புரட்சிப்படை அதிகாரி முதலில் பார்ப்பது தேதியை. வாசகத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். லாஷியோவில் ராணுவத்தின் வடகிழக்குத் தலைமையகம் 2024 ஆகஸ்ட்டில் புரட்சிப்படை கையில் விழுந்தது. செப்டம்பர் 26ஆம் தேதி, ‘பயங்கரவாதப் பாதையை விட்டுப் பேச வாருங்கள்’ என்று அழைப்பு வந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் 2025 ஏப்ரலில் போர்நிறுத்தம் என்றார்கள். குண்டுவீச்சு நிற்கவில்லை.

அடுத்து, யார் யாருக்கு எழுதியிருக்கிறார்கள்? 2015 அக்டோபர் 15இல் நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை 8 ஆயுத அமைப்புகள். கொக்காங், தாஆங், அரக்கான் இனப் படைகளை அரசு சேர்க்கவே இல்லை. பக்கத்து வீட்டை விட்டுவிட்டு நமக்கு மட்டும் இலை போட்டால் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

கடிதத்தின் மெய் பொய் தெரிவது சாலையில். கரேன் மலையில் ராணுவ முகாம் ஒன்றில் 30 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று பால் டின் அரிசி. மோல்மேன், தட்டோன் பக்கத்துத் தமிழர் வீட்டுக் கணக்கும் இதேதான்: எட்டு டின் ஒரு ப்யீ, 24 ப்யீ ஒரு மூட்டை. ஆக, மாதம் 14 மூட்டை. லாரியில் அதுவே ஏறினால் சரி. 80 மூட்டை ஏறினால் மழைக்காலம் முழுக்க உட்காரப் போகிறார்கள், அல்லது ஆள் கூடப் போகிறது. மே மாத மழை பிடித்துவிட்டால் மலைப்பாதையில் லாரி ஏறாது. பங்குனி மாதத்துச் சமாதானத்தில் பாதி இந்த அரிசிதான். கூடவே புல்டோசர் வந்தால் இன்னும் மோசம். 2018இல் கரேன் மாநிலத்துப் பாப்புன் பகுதியில் ராணுவம் ‘ஊர் மக்களுக்கான சாலை’ போட வந்ததில் மோதல் வெடித்து, 2,000 பேருக்கு மேல் காட்டுக்கு ஓடினார்கள்.

அதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போடக் கூடாது. சனம் களைத்துக் கிடக்கிறது; மறுத்தவன் மேல்தான் பழி விழும். பதில் எழுதலாம், வரைபடம் கேட்டு: எந்த முகாம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தூரம். 81 எம்எம் மோர்ட்டார் சுமார் 5 கி.மீ. எட்டும், 105 எம்எம் பீரங்கி 11 கி.மீ. இரண்டு கி.மீ. பின்வாங்குவதெல்லாம் நாற்காலியை நகர்த்திப் போட்ட மாதிரி.

நம் பக்கத்துக் கோளாறு வேறு. அறிவிப்பு வந்த வாரமே பையன்கள் லீவுக்கு வரிசை கட்டுவார்கள், சென்ட்ரி தூங்குவான். வடக்கே கச்சின் படையோடு ராணுவம் செய்த போர்நிறுத்தம் 1994இலிருந்து 17 ஆண்டு நின்றது. 2009இல் ராணுவத்துக்குக் கீழ் எல்லைக் காவல் படையாக மாறச் சொன்னார்கள், 2011 ஜூனில் மறுபடி சண்டை. ஆகவே லீவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது. கண்ணிவெடி வரைபடத்தைக் கொடுப்பது கடைசியில், பீரங்கி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு.