நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் ஒன்றரைப் படி சேறு

கார் இன்ஜினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற வார்ப்பிரும்பு உடம்பை, கெமிக்கல் தொட்டியில் போட்டுக் கழுவிக் கொடுக்க லேத் பட்டறையில் 3,500 ரூபாய் கேட்டார்கள். அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கையில் இருந்தது 2,000. அதுவும் ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, என்று ஒதுக்கி வைத்திருந்ததில் பிய்த்தது.

வண்டி அப்பாவுடைய அம்பாசிடர், மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்து பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் வாரிசு. எட்டு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் நின்றது. கோழி அதில் முட்டை வைத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. அம்பாசிடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனதால், நல்ல பிளாக் ஒன்று கைவசம் இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று எங்கள் சங்ககிரி மெக்கானிக் அண்ணன் சொன்னார். கூடவே, "கழுவறது அப்புறம் தம்பி. கழுவறதுக்கு லாயக்கான்னு மொதல்ல பாருங்க" என்றார்.

இன்ஜினை இறக்கிப் பிரித்ததை விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் மெயின் பேரிங் மூடிகள் மூன்று. எது எந்த இடம், எந்தப் பக்கம் முன்னால் என்று சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். சாக்பீஸில் எழுதினால் முதல் டீசல் குளியலிலேயே அழிந்துவிடும்.

அந்த டீசல் குளியலுக்கு ஐந்து லிட்டர் ஆனது. பட்டி பார்க்கிற தகட்டால் கெட்டிக் கிரீஸைச் சுரண்டி, டீசலில் தோய்த்த பிரஷால் தேய்த்து, வாட்டர் சர்வீஸில் கொண்டுபோய் அடித்தேன். 150 ரூபாய்தான், ஆனால் இரண்டு நாள் தேய்க்கிற வேலை மிச்சம். அழுக்கெல்லாம் போனதும் ஒரு இரவு முழுக்க டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, காலையில் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய டீசல் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு எதுவும் இல்லை. லேத் பட்டறையில் சிலிண்டர் துளையையும் அளந்து பார்த்தார்கள். ஏற்கெனவே 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கியது, இன்னொரு முறை போடலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் மேற்கொண்டு காசு செலவழிக்க மனசு வந்தது.

அடுத்துத்தான் தப்பு செய்தேன். பிளாக்கின் வெளிப்பக்கத்தைக் கம்பிப் பிரஷால் இரண்டு நாள் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பக்கவாட்டில் தகரக் கிண்ணம் மாதிரி அடித்திருக்குமே, டம்மி என்பார்கள், அதில் கடைசியை ஒரு தட்டுத் தட்டித் திருப்பி, கட்டிங் பிளேயரால் பிடுங்கினார். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டார். தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில், பாதிப் பிடி வரை போய் மண்ணில் குத்தியது போல நின்றது.

நாலாம் சிலிண்டரைச் சுற்றி, அடியிலிருந்து பாதி உயரத்துக்கு மேல், செங்கல் பதத்தில் சேறு. துருவும் உப்பும் சேர்ந்து இறுகியது. குத்திக் குத்தி, தண்ணீரைப் பீய்ச்சி, வளைத்த கம்பியால் இழுத்து வெளியே எடுத்ததை அம்மாவின் அரிசி படியில் அளந்தேன், திட்டு வாங்கிக்கொண்டே. ஒன்றரைப் படி.

அப்பா அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டி தொப்பூர் கணவாய் ஏறும்போதெல்லாம் கொதிக்கும். வழியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, எங்களைத் தண்ணீர் தூக்க விடுவார். ரேடியேட்டரை மூன்று முறை கழற்றி ராடு அடித்திருக்கிறார், அதாவது உள்குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுத்திருக்கிறார். கடைசியில் ஒரு புது ரேடியேட்டரே வாங்கினார். கொதிப்பது நிற்கவில்லை. எங்கள் ஊர் போர்த் தண்ணீரைத்தான் வருஷக்கணக்கில் ஊற்றினோம். பாத்திரத்தில் காய்ச்சினாலே வெள்ளையாகப் படியும் தண்ணீர் அது. அந்த உப்பும் பிளாக்கின் சொந்தத் துருவும் ஓட்டம் குறைவான பின்மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. ஐந்தாவது கிளாஸில் நான் தூக்கிய குடங்களுக்கெல்லாம் அப்போதுதான் எனக்குக் கணக்குக் கிடைத்தது.

சுரண்டியும் வராத உப்புப் படிவுக்குச் சிட்ரிக் ஆசிட். கீழே, பக்கத்தில் இருந்த ஓட்டைகளை முருங்கைக் கட்டையைச் சீவி, சைக்கிள் டியூப் சுற்றி அடைத்தேன். பத்து லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ கரைத்து மேலிருந்து ஊற்றினால், சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரைத்து வழிந்தது. நுரை அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் உப்போடு இரும்பையும் தின்னும். இரண்டு ரவுண்டு ஊற்றி, கடைசியில் சலவை சோடாத் தண்ணீரால் அலசினேன்.

துருவுக்கு மின்சாரம். இதுதான் செலவே இல்லாத வேலை, ஆனால் பொறுமை வேண்டும். 200 லிட்டர் நீல டிரம், முக்கால் கிலோ சலவை சோடா, சித்தப்பாவின் பழைய டிராக்டர் பாட்டரி சார்ஜர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜராகவே தேடுங்கள். புது ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பாட்டரி இல்லை என்று தெரிந்தால் கரண்ட்டே விடாது. பிளாக்குக்கு மைனஸ். சுற்றிலும் நட்ட கட்டடக் கம்பித் துண்டுகளுக்கு பிளஸ். மாற்றிக் கொடுத்தால் பிளாக்தான் கரையும், அதனால் நான் மூன்று முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கம்பிக்கு நேராக இருக்கிற பக்கம்தான் சுத்தமாகும். ஆகவே டம்மி ஓட்டை வழியாகவும், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும், பிவிசி குழாய்த் துண்டு மாட்டி, பிளாக்கில் முட்டாதபடி ஒரு கம்பி இறக்கினேன். சிலர் எவர்சில்வர் கரண்டியைப் போடுகிறார்கள். வேண்டாம், அதிலிருந்து குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். கரண்ட் ஏறட்டும் என்று உப்பும் போடக்கூடாது, குளோரின் கிளம்பும். வருகிற குமிழி ஹைட்ரஜன். திறந்தவெளியில் வைத்து, பக்கத்தில் பீடி பற்ற வைப்பவரை விரட்டிவிடுங்கள். கையை விடுவதற்கு முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

மூன்று நாள் ஓடியது. தினமும் கம்பிகளில் ஒட்டும் காவிச் சளியைச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்கினேன். வெளியே எடுத்தபோது துரு எல்லாம் கறுப்புப் பொடியாகிக் கையிலேயே வந்தது. நான் இரண்டு நாள் பளபளக்க வைத்த வெளிப்பக்கத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப், டேப்பெட் மூடிகளைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்தேன். கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது. இதெல்லாம் ஒழுங்காகச் செய்தவன், தெர்மோஸ்டாட் மேல்மூடி அலுமினியம் என்பதை மறந்து அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். வாளி பொங்கி, மூடி கறுத்து, விளிம்பு அரித்துப்போனது. பழைய சாமான் கடையில் இன்னொன்று 250 ரூபாய்.

ஆயில் ஓடும் துளைகளுக்கு என்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புகளைக் கழற்றி, பாட்டில் பிரஷ் போகிற இடத்தில் பிரஷ், போகாத இடத்தில் நுனி பிரித்த சைக்கிள் பிரேக் கேபிள். சோப்பு வெந்நீரில் தேய்த்து, பஞ்சர் கடைக் காற்றை அடித்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை உள்ளே இழுத்தால் கறுப்பு ஒட்டாமல் வெள்ளையாகவே வரும் வரை நிறுத்தக்கூடாது. எனக்கு ஏழாவது தடவைதான் வெள்ளையாக வந்தது.

அன்று சாயங்காலம் கடைசியாக அலசிவிட்டு, காப்பி குடிக்க உள்ளே போனேன். இருபது நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் நாலு சிலிண்டரும் குங்குமப்பூ நிறத்தில் இருந்தன. சுத்தமான வார்ப்பிரும்பு ஈரத்தோடு நின்றால் கண்ணெதிரே துருப்பிடிக்கும். மறுபடி துடைத்து, காற்றடித்து, ஈரம் போன உடனேயே இன்ஜின் ஆயிலைக் கையாலேயே பூசினேன். மரைகளுக்குள்ளும் விட்டேன்.

டீசல், சிட்ரிக், சோடா இரண்டும், பிரஷ்கள், வாட்டர் சர்வீஸ், புது டம்மிகள், நான் கெடுத்த மூடி எல்லாம் சேர்த்து 1,775 ஆனது. மிச்சமிருந்த 225-ஐ ரீபோர்க் கணக்கிலேயே திருப்பிப் போட்டேன். பிளாக் இப்போது பாலிதீன் சுற்றிக் கொட்டகையில் இருக்கிறது. அப்பா அடிக்கடி போய் பாலிதீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறார். புது ரேடியேட்டர் வாங்கிய ரசீது இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.